ரொறன்ரோவில் விடியும்வரை கேக் வெட்டக்கூடாது

எங்கள் வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டுவதென்றால் முதலில் ரொறன்ரோவில் விடிய வேண்டும். இது யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவரின் அக்கா அங்கே இருக்கிறார். நல்ல மனுசி, பொய் சொல்லக்கூடாது. இவரைப் படிப்பித்து ஆளாக்கியதே அவர்தான். தம்பியின் பிள்ளை என்றால் உயிர். ஆனால் மெழுகுதிரி ஊதும்போது அந்த உயிர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு படம் அனுப்பினால் ஆகாது. எங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில், இந்த வெள்ளவத்தையில் எந்த ஃபிளாட்டிலும் பிறந்தநாளன்று போய்ப் பாருங்கள், கேக்குக்கு முன்னால் ஒரு ஃபோனைச் சாய்த்து வைத்திருப்பார்கள். பிள்ளை அந்த ஃபோனைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். போன வருடம் லைன் அறுந்துபோனது என்று, ஊதிய மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தி, என் மகளை இரண்டாம்தரம் ஊத வைத்தார்கள். பிறகு வந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று, "இஞ்சை பார், மாமிக்குக் காட்டு" என்று ஆளுக்கொரு துண்டு அவள் வாயில் திணித்தார்கள். கடைசியில் பிள்ளைக்கு ஓங்காளம் வந்துவிட்டது. அதையும் வீடியோ எடுத்தார்கள், அறுந்த சனங்கள்.

இந்த வருடம் அவளுக்கு எட்டு வயது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கீழ்மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைதான் என் மகளின் உயிர்த்தோழி. பள்ளிக்கூடத்தால் வந்தால் ஒன்று எங்கள் வீட்டில் இரண்டும் கிடக்கும், இல்லாவிட்டால் அவர்கள் வீட்டில் கிடக்கும். அடுத்த மாதம் அவர்கள் தெமட்டகொடைப் பக்கம் வீடு மாறிப் போகிறார்கள். அவளோடு சேர்ந்து கத்தியைப் பிடித்துக் கேக் வெட்ட வேண்டும் என்பதுதான் என் மகளின் ஆசை. புது உடுப்பைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை.

"அவளும் நானும் ஒண்டாப் பிடிச்சு வெட்டுறது. சரிதானே அம்மா?"

"ஓம் குஞ்சு, சரி" என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பிறந்தநாள் வந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் சோதனைக்கான கிளாஸ். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிளாஸ் வைக்கிறவர்கள்மேல் எனக்கிருக்கும் கோபத்தை எழுதத் தொடங்கினால் இது முடியாது. அதனால்தான் பிள்ளைகளை மூன்றரைக்கே வரச்சொன்னேன். சங்கீதக் கதிரை விளையாடினார்கள். பலூன் உடைத்தார்கள். ரோல்ஸும் பற்றீஸும் போன இடம் தெரியவில்லை. வீடு இரண்டுபட்டது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோசமாகத்தான் இருந்தது. நாலரைக்கு ரிபன் கேக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மகள் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கொஞ்சம் பொறுமப்பா. அக்கா இன்னும் எழும்பேல்லை" என்றார் என் கணவர். கையில் ஃபோன்.

"பிள்ளையளுக்குக் கிளாஸ் இருக்கு."

"ராத்திரி ஏதோ கொண்டாட்டத்துக்குப் போய்ப் பிந்தித்தான் படுத்தவவாம். இப்ப எழும்பிடுவா. அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிடம் இழுபட்டுக்கொண்டே போனது. அவர் இரண்டு முறை கோல் எடுத்தார். அங்கே யாரும் எடுக்கவில்லை. வெக்கையில் ஐசிங் ஓரங்களில் இளகி வழியத் தொடங்கியது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல் வந்தது. தோழி சப்பாத்தைப் போட்டாள்.

"ஆன்ட்டி, உம்மா கூப்பிடுறாங்க. திரீவீலர் வந்துட்டு."

என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பரவாயில்லை, நாளைக்குக் கேக் கொண்டுவாறன்" என்று பெரியமனுசி மாதிரிச் சொன்னாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. கேக்கை அப்படியே பலகையோடு தூக்கினேன். "மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, கத்தி எல்லாம் எடு, வா" என்றேன் மகளிடம்.

"என்னப்பா செய்யிறீர்? உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்! உங்கடை அக்கா ஆறுதலா எழும்பட்டும். இது என்ரை பிள்ளையின்ரை பிறந்தநாள்!"

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியால் இறங்கினேன். பின்னால் பிள்ளைகள் கூச்சலோடு ஓடிவந்தார்கள். கேற்றடியில் திரீவீலர் நின்றது, தோழி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். செக்கியூரிட்டிக்கு நிற்கும் சிங்கள அய்யே எங்களைப் பார்த்ததும் தன்னுடைய தேத்தண்ணிக் கோப்பையையும் ரேடியோவையும் எடுத்துவிட்டு, "வைங்க நோனா, வைங்க" என்று தன் மேசையைக் காட்டினார். காலி வீதிக் காற்றில் மெழுகுதிரி பற்றுவேனா என்றது. அவரே இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தார். பாடினோம். திரீவீலர்க்காரரும் சேர்ந்து பாடினார். இரண்டு பிள்ளைகளும் ஒரு கத்தியைப் பிடித்து, கேக்கை ஒரு கோணலாக வெட்டினார்கள். தோழியின் தாய் சிரித்து, "கிளாசுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் காரியமில்ல" என்றார். என் மகளின் மூக்கில் ஐசிங். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவோ நாள்.

அப்போதுதான் என் கணவர் ஃபோனோடு வந்து நின்றார். அக்கா எழும்பிவிட்டார். கலைந்த தலையோடு திரையில் சிரிக்கிறார்.

"எங்கையடா நிக்கிறியள்? ஐயோ, கேக் வெட்டியாச்சே?"

இவருடைய முகம் வெளிறிப் போயிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் என் மகள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். கண் சிமிட்டாமல், குரல் தடுமாறாமல் சொன்னாள்:

"இல்லை மாமி, இது இவையின்ரை கேக். எங்கடை கேக் மேலை இருக்கு. உங்களுக்காகத்தான் வெட்டாமல் வச்சிருக்கிறம்."

இவர் பெருமூச்சு விட்டார். மகளின் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். இந்தப் பொய்யை யார் பழக்கியது? எட்டு வயதில் இவ்வளவு சுத்தமாக! நான் ஃபோனைப் பறித்தேன்.

"இல்லை மச்சாள், இதுதான் கேக். நான்தான் வெட்டச் சொன்னனான். பிள்ளையளுக்கு நேரம் போட்டுது."

"ஓ" என்றார் அவர். "சரி. பிள்ளை சந்தோசமா இருந்தால் காணும்." திரை இருண்டது.

திரீவீலர் புறப்பட்டது. தோழி கையை வெளியே நீட்டி ஆட்டினாள். என் மகள் திரும்பக் கை காட்டவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏனம்மா சொன்னனீங்கள்? இப்ப நீங்களும் அப்பாவும் சண்டை பிடிக்கப்போறியள். அதுக்குத்தானே நான் அப்பிடிச் சொன்னனான்."

நானும் அவரும் லிஃப்டில் ஏறினோம். அவள் நடுவில் நின்று எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.