கறுப்புக் காந்தம்

உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் ஸ்பீக்கர் காந்த வளையம் இரண்டாகப் பிளந்தது. கறுப்புக் காந்தம் செங்கல் மாதிரி. உடையுமே தவிர வளையாது. ஏசுதாசன் பெரிய துண்டைச் சாணைக்கல்லில் தேய்த்து நேராக்கி, பிக்கப்பின் அடியில் கொண்டுபோனார். ஆறு இரும்புத் தண்டுகளும் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டன.

கிதார், போடி ஏலக்காய் வியாபாரி மகன் வைகுண்டராஜினுடையது. கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவன். தந்திகளுக்கு அடியில் இருக்கும் சின்னப் பெட்டிதான் பிக்கப். உள்ளே ஒரு காந்தம், அதற்கு மேல் முடியைவிட மெல்லிய கம்பிச் சுற்று. தந்தி அதிர்ந்தால் அது மின்சாரமாகி ஆம்ப்ளிபயருக்குப் போகும். அந்தப் பிக்கப்பை எழுபத்தொன்றில் செய்து கொடுத்தவரும் ஏசுதாசன்தான். அப்போது உள்ளே வைத்தது பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த உலோகக் காந்தம், வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. ஐந்து வருடமாகக் கச்சேரி வேனில் பெரிய குழாய் ஸ்பீக்கர்களோடு ஒட்டி உரசிப் போனதில் அதன் பலம் குறைந்து, சத்தம் மங்கிவிட்டது. இப்போது உலோகம் கிடைப்பதில்லை. வருகிற ஸ்பீக்கர் எல்லாம் கறுப்பு.

திருகாணிகளை முடுக்கி, தந்தியைச் சுண்டினார். முதல் தந்தி பளிச்சென்று எழுந்தது. வெகுநாளாக அவர் கேட்காத ஒரு கூர்மை. எழுபத்தொன்றில் முதல் முறை சுண்டியபோது கேட்டது இதுதான் என்று தோன்றியது. இன்னொரு முறை சுண்டிப் பார்த்துச் சிரித்தார். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி ஜெபராணி எழுந்து வெளியே போனாள். வெயிலில் போட்ட வற்றல் நினைவு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாளில் வைகுண்டராஜ் கிதாரோடு திரும்பி வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்கிராதீக. காதக் கீறுது. பாடுற அக்கா என் பக்கத்துல நிக்க மாட்டேங்கிறாக."

"மங்கலா இருக்குன்னு கொண்டாந்தது நீதானப்பா."

"மங்கலுக்கு மருந்து கேட்டேன். நீங்க ரம்பத்தக் குடுத்திருக்கீக."

வாசிக்கிற கையில் கோளாறு என்றார் ஏசுதாசன். வைகுண்டராஜ் கோபப்படவில்லை. ஒங்க காது தப்பாதுன்னு தேனியே சொல்லுது, அதான் யோசனையா இருக்கு என்று சொல்லிவிட்டு, கிதாரை வைத்துவிட்டுப் போனான்.

தேனி கடைவீதியில் மீட்டர் வைத்துப் பார்க்கிற மெக்கானிக்குகள் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பிடிபடாத ரேடியோ கடைசியில் ஏசுதாசனிடம் வரும். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்வார். அப்பாவின் பலசரக்குக் கடையை வேண்டாம் என்று தம்பிக்கு விட்டது அந்தக் காதை நம்பித்தான். பதினெட்டு வருடமாக மைக் செட்டும் உண்டு. வீரபாண்டித் திருவிழாவில் எட்டு நாளும் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேதான் சாப்பாடு, தூக்கம். உள்ளே தகடு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, பாடிக்கொண்டிருக்கும் குழாயின் வாயிலேயே காதை வைப்பார். அது தொழில்.

வைகுண்டராஜ் போன பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. ஜெபராணி எழுந்து போனது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வீட்டில் வற்றல் போட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வீட்டுக்குப் போகாமல் அவளைக் கடைக்குக் கூட்டி வந்தார். குழாய்களைச் சோதிக்க அவரே செய்த பெட்டி ஒன்று இருந்தது. குமிழைத் திருப்பினால் ஒற்றைச் சத்தம் வரும், திருப்பத் திருப்ப மெலிந்து மேலே ஏறும். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெயின்டால் எண் போட்டிருந்தார். குழாய்க்கு நாலு வரை போதும் என்பதால் அதற்கு மேல் திருப்பி வருடக்கணக்காகியிருந்தது.

"கேக்குற வரைக்கும் கையத் தூக்கி வச்சிரு. நின்னதும் எறக்கு."

"எதுக்கு இதெல்லாம்?"

"தூக்கு."

ஜெபராணி கையைத் தூக்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலைத் தாண்டியதும் சத்தம் நூலாக மெலிந்து நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கை தூக்கியபடி இருந்தது. கம்பி விட்டுப்போயிருக்கும் என்று பெட்டியின் மீட்டரைப் பார்த்தார். முள் இறங்கவில்லை. ஐந்து. ஆறு. கை இறங்கவில்லை. எட்டில் அவள் முகம் சுளித்தாள். பத்து. பன்னிரண்டுக்கு மேல் குமிழ் திரும்பாது.

அவருக்குக் கடை அமைதியாக இருந்தது. அவள் கை மேலேயே இருந்தது.

"எறக்கு."

"இன்னும் நிக்கலயே."

சுவிட்சை அணைத்தார். கை தானாக இறங்கியது.

அவள் பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

"அன்னைக்கே சொல்லலாம்னு பாத்தேன்" என்றாள். "கிதாரச் சுண்டிட்டுச் சிரிச்ச மொகமா இருந்தீக. மனசு வரல."

அவர் கிதாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுண்டவில்லை. வேறு காதுகளைக் கீறிய அளவு சத்தம் இருந்தால்தான் அவருடைய காதுக்குப் பழைய ஓசை வந்து சேருகிறது. தன் குறைக்குத் தக்கபடி அடுத்தவன் கிதாரில் காந்தம் வைத்திருக்கிறார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். கறுப்புத் துண்டைக் கழற்றினார். எடுத்து வைத்திருந்த பழைய உலோகப் பட்டையின் மேல் தடித்த கம்பியைச் சுற்றி, லாரி பேட்டரியிலிருந்து கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்தார். பட்டைக்குப் பலம் ஏறியது. அதைப் பழைய இடத்தில் வைத்து மூடினார். சமையலை முடித்துவிட்டு ஜெபராணி பதினொரு மணிக்கு வந்தாள். அவர் சுண்ட, அவள் கேட்டாள். இரண்டு முறை தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஒவ்வொரு முறையும் பிக்கப்பை ஒரு திருகு இறக்கினார். மூன்றாம் முறை போதும் என்றாள்.

மூன்று மணிக்கு வைகுண்டராஜ் வந்து வாசித்துப் பார்த்தான். அண்ணே, நீங்க கேட்டீகளா என்றான். மதினி கேட்டா என்றார். அவன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

நாலரை மணிக்குக் கோம்பையிலிருந்து சுருளியாண்டி, கரகரக்கிறது என்று ஒரு குழாயைக் கொண்டுவந்தார். ஏசுதாசன் அதில் பெயர் எழுதிய சீட்டை ஒட்டி மூலையில் வைத்தார். நாளை பதினொரு மணிக்கு மேல்தான் பார்க்க முடியும் என்றார். ஆறு மணிக்குக் கடையைப் பூட்டினார்.