கடைவாசலில் ஒரு பிஸ்கட் டின்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பேட்டரிக்கடை முத்தையா அண்ணன் போய்விட்டார் என்று தகவல் வந்தபோது நான் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. அப்படியே ஓடினேன். அண்ணனைக் கடைக்குள்ளேயே கிடத்தியிருந்தார்கள். அண்ணி அழுகையை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "அவரு இருந்தா ஒன்ன கேலி பண்ணாம விட்டுருப்பாராப்பா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அழுதார்.

போடியில் ஜீப்பு ஓட்டும் எங்களில் அவரிடம் தீப்பெட்டியைப் பறிகொடுக்காதவன் கிடையாது. கடைவாசலில் ஒரு பிஸ்கட் டின். தீப்பெட்டியை அதில் போட்டால்தான் உள்ளே விடுவார். "ஏண்ணே, உள்ள என்ன சாமியா இருக்கு?" என்று கேட்டேன். அவர் சார்ஜில் கிடந்த பேட்டரியின் ஆவியை ஒரு காய்ந்த புட்டியில் பிடித்தார். தெருவில் வைத்து ஈரச்சாக்கைச் சுற்றி, எட்ட நின்று கம்பு நுனியில் தீயைக் காட்டினார். டப்பென்றது. நான் சாக்கடைக்குள் நின்றேன். புட்டியின் உள்பக்கம் பனி படிந்தாற்போல் ஈரம்.

"இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு மாப்ளே? நீ ஊத்துனியா, நான் ஊத்துனனா?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அவர் சொன்னது இதுதான். பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீரைக் கரண்டு பிரிக்கிறது; ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு. ஹைட்ரஜன் லேசு, மூடிய இடத்தில் கூரையோரம் போய்ச் சேரும். ஒரு பொறி பட்டால் இரண்டும் சேர்ந்து மறுபடி தண்ணீர். "சேர்ந்தப்புறம் சாதுதான். சேர்ற நேரத்துலதான் ஆளைத் தூக்கிரும்."

அதை நான் நம்பியது போடிமெட்டுக்கு மேலே, ஓர் அடைமழை நாளில். குளிருக்கு ஜீப்புகள் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எஸ்டேட் சூப்பர்வைசர் ஒரு வேலை செய்திருந்தார். ஏலக்காய் உலர்த்தும் கூடத்துக்குள், வெளியே எரியும் அடுப்பின் சூடு குழாய் வழியாக வருகிறதல்லவா? பேட்டரிகளையெல்லாம் அங்கே அடுக்கி, வெளியே ஜெனரேட்டர் என்ஜினை ஓடவிட்டு, காலையிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். சூடு போகாமலிருக்க ஒரு சன்னல் விடாமல் மூடியிருந்தார்.

பேட்டரிகளைப் பார்க்க அண்ணனை ஏற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது இருட்டிக்கொண்டு வந்தது. கதவைத் திறந்ததும் ஆசிட் நெடி. அண்ணன் அப்படியே நின்றார். உள்ளே காய் கிளற வந்த பேச்சியக்கா, எரிகிற அரிக்கேன் விளக்கை உத்தரத்துக் கொக்கியில் மாட்டக் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்.

"பேச்சி, கையை எறக்கு. வெளக்கைத் தரையில வையி. மெதுவா."

"ஏண்ணே?"

"மேல பாம்பு கெடக்கு. நிமிராம வந்துரு ஆத்தா."

பேச்சியக்கா விளக்கைத் தரையில் வைத்தார். குனிந்தபடியே நடந்தார். எனக்கு அவர் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

பின்னாலிருந்து சூப்பர்வைசர் கத்தினார். "கதவைச் சாத்துங்கய்யா! ஈரக்காத்து பட்டா காயி பச்சை போயிரும்!" சொல்லிக்கொண்டே பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார். நான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் திட்டிய திட்டில் பாதி மலையாளம்.

அண்ணன் முதலில் என்ஜினை நிறுத்தினார். பேட்டரியைக் கவ்வியிருந்த கிளிப்பைத் தொடவில்லை, பிடுங்கினால் பொறி பறக்குமாம். வெளியே நின்றபடியே ஒரு கம்பால் கூரையோரத்துச் சன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். காற்று நுழைய நுழைய விளக்குச் சுடர் ஆடியது. பேச்சியக்காவின் விரல்கள் என் தோளில் பதிந்திருந்தன. ரொம்ப நேரம் கழித்து அண்ணன் தவழ்ந்து போய் விளக்கைக் கொண்டுவந்தார்.

"பாம்பு எங்கண்ணே?" என்றார் பேச்சியக்கா.

"போயிருச்சு ஆத்தா. சன்னல் வழியா."

அன்றைய காயெல்லாம் நிறம் வெளுத்தது. பேச்சியக்கா இன்றைக்கும் அந்தக் கூடத்தில்தான் காய் கிளறுகிறார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். மூடிக் கிடக்கும் எந்த அறையிலும் முதலில் சன்னலைத் திறப்பேன்; அப்புறம்தான் விளக்கு. என் பெண்டாட்டி இதை வியாதி என்கிறாள்.

சுடுகாட்டில் மழை பிடித்துக் கொள்ளிச்சட்டி அணைந்துவிட்டது. அண்ணன் மகன் தீப்பெட்டி கேட்டான். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பீடி குடிக்கும் டிரைவர்கள். எல்லோரும் சட்டைப்பையைத் தடவினோம். ஒருவரிடமும் இல்லை. மாலை போடக் கடைக்குள் நுழைந்தபோதே டின்னில் போட்டிருந்தோம். ஜீப்பை அனுப்பி டின்னை எடுத்துவரச் சொன்னோம். டின் நிறைய மழைத் தண்ணீர் இருந்தது.