மீனுக்குக் கட்டிய படிகள்

போன வருடம், மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பாங்கானில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் ஆற்றில், சின்னப் பாலத்துக்கு அடியில் நாங்கள் மூன்று பேர் நின்றோம்: நான், அப்பா, சித்தப்பா. மீனுக்குப் படி கட்டலாம் என்று நான் எழுதியதற்கு வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டி ஆதரவு தெரிவித்தவர்களில் ஒருவரும் வரவில்லை. கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை என்று சொல்லிக் கூப்பிட்டும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வரவில்லை.

ஆறு என்பது பெயருக்குத்தான். கரையும் சிமெண்டு, அடியும் சிமெண்டு. பாலத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு. மழை பெய்தால் லம்பாம் மீன்கள் முட்டையிட மேலே ஏறி வரும். தடுப்பில் துள்ளித் துள்ளி மோதி விழும். கீழே கைவலையோடு நிற்பவர்கள் அள்ளிக்கொள்வார்கள். வயிறு நிறைய முட்டையோடு அவை வலைக்குள் போவதை ஒவ்வொரு மழைக்கும் பார்த்துவிட்டேன். இந்த முறையும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவன் நான். இப்படிப்பட்ட தடுப்புகளுக்குச் சின்னச் சின்னப் படிகள் போதும், மீன் ஏறிவிடும் என்று அங்கேதான் படித்தேன். அப்பாவும் சித்தப்பாவும் கோலா சாவா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். சரிவில் சாக்கு அடுக்கிப் படி கட்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை.

"மீனுக்குப் படி கட்டவாடா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா, ஜல்லிச் சாக்கைத் தோளிலிருந்து இறக்கியபடி.

"விடுண்ணே. நம்ம வீட்டுக்குப் படி கட்டச் சொன்னா நாலு வருசம் ஆக்குவான். மீனுக்காச்சும் கட்டட்டும் லா," என்றார் சித்தப்பா.

படி எழுந்தது. மீன்தான் ஏறவில்லை. அப்பா தோட்டத்துப் பழக்கத்தில் சாக்குகளை இடைவெளியே இல்லாமல் மிதித்து இறுக்கியிருந்தார். நான் ஒன்றை உருவி வழி விட்டால், அவர் இன்னொன்றை அதில் திணித்தார்.

"சந்து விட்டா மண்ணு ஓடிரும்டா."

"இங்க மண்ணு இல்லப்பா. தண்ணிதான், அது ஓடத்தான் வேணும்."

அப்பா சாக்குகளுக்கு நடுவே தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு தானே ஒரு சாக்கை நகர்த்தினார். முதல் படியில் இடது பக்கம் சந்து, அடுத்ததில் வலது பக்கம்.

அதற்குள் கைவலையோடு இருவர் வந்துவிட்டார்கள். சித்தப்பா அவர்களுக்கு முன்னால் தண்ணீரில் போய் நின்றார். "மீன் வேணும்னா பசாருக்குப் போங்க. இன்னிக்கு இங்க கடை அடைப்பு."

"உங்க அப்பன் வீட்டு மீனா?"

"இல்லதான். உங்க அப்பன் வீட்டு மீனும் இல்ல."

கடைசியாகக் குடை பிடித்துக்கொண்டு சங்கத் தலைவர் வந்தார். பாலத்தில் நின்று கைப்பேசியில் எங்களைப் படம் பிடித்தார். யார் பெர்மிட் கொடுத்தது, தண்ணீர் ஏறி வீடுகளுக்குள் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"ஏறினா முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும். நாங்கதான் கடைசி வரிசை," என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். "யோவ், எல்லாத்தையும் எடுத்துட்டு மேல வா."

அப்பா, தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் குரல் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் "சரிங்க" சொல்லிப் பழகியவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாச் சாக்கையும் நாங்களே பிரிக்க வேண்டியதுதான்.

அப்பா நிமிர்ந்தார். "நீங்க அங்கயே நில்லுங்க. கீழ வழுக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்கைச் சரிசெய்யக் குனிந்தார்.

அப்போதுதான் ஒரு லம்பாம் சந்துக்குள் நுழைந்தது. முதல் படியில் நின்று வாலை ஆட்டியது. அடுத்த படி. அடுத்தது. தடுப்பின் விளிம்பைத் தாண்டி மேலே மறைந்தது. பின்னாலேயே இன்னும் சில. வலை வைத்திருந்தவர்களில் ஒருவர் வலையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மழை வலுத்தும் தண்ணீர் எங்கள் பின்வாசலைத் தொடவில்லை.

அடுத்த வாரம் சாக்குகளை நகராட்சி லாரி வந்து அள்ளிப் போனது. கூடவே, வடிகாலைத் தடுத்ததாக அபராதமும் வந்தது. வேறு சாக்கு வாங்கி மறுபடி அடுக்கினோம். இந்த முறை நான் சொல்லாமலே அப்பா சந்து விட்டார்.

அபராதமும் சாக்கும் ஜல்லியும் சேர்த்து முந்நூற்றுப் பத்து வெள்ளி ஆனது. என் அப்பா ஒருவருக்குச் "சரிங்க" சொல்லாமல் நின்றதைப் பார்க்க அந்தப் பணம் எனக்கு மலிவு. அடுத்த மழைக்கும் அதே முந்நூற்றுப் பத்து வெள்ளியை எடுத்து வைத்திருக்கிறோம்.