தோளில் இல்லாத துண்டு

ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, நான் நடக்கக் கற்றுக்கொண்டேன். எதிர்வீட்டு அக்காவுக்கு அது செரிக்கவே இல்லை. "ஒரு வயசுலயே நடந்த பிள்ள, இப்ப நடக்கப் படிக்க பஸ் ஏறிப் போகுது பாரு" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

மாடலிங் வகுப்பு ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் நடந்தது. கீழே பால் சுண்டும் வாசனை ஆளைத் தூக்கும். மேலே எங்கள் மாஸ்டர், "ஸ்வீட் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கக் கூடாது" என்பார். சென்னையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர், அதனால் அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். தரையில் டேப் ஒட்டி, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் அடுத்த பாதத்தை வைத்து ஹீல்ஸில் நடக்கச் சொல்வார். "சிரிக்காத. கீழ பாக்காத. எதிர்ல இருக்கவன் ஒரு ஆளே இல்லன்னு நெனச்சுப் பாரு."

எனக்குச் சிக்கல் அங்கேதான். வயதுக்கு வந்ததிலிருந்து "கீழ பாத்து நட" என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லிச் சொல்லி வளைத்த கழுத்து இது. ஊரே கூடி வளைத்ததை இந்த ஒற்றை மனிதர் நிமிர்த்த வேண்டியிருந்தது, பாவம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் முகம் ஏதாவது ஓர் அட்டையில் அச்சாகி வர வேண்டும். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "கன்னம் ஒட்டிக் கெடக்கே, சீக்குப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தது, அதுவும் எங்கள் வீட்டுக் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு. அந்தக் கன்னத்தைக் கடைகடையாகத் தொங்கவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மாஸ்டரோ, போட்டோவுக்கு இந்தக் கன்னம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அதற்காகவே அவருடைய கறுப்புக் கண்ணாடியை மன்னித்தேன்.

கடைசியில் எங்கள் ஊர் நைட்டி கம்பெனி ஒன்று, பாக்கெட் அட்டைக்கு ஒரு பெண் வேண்டும் என்று மாஸ்டரிடம் கேட்டது. குடோனில், எங்கள் ஊர்த் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியை நீளமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் பின்னணி. துணைக்கு வந்த அம்மா ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்து, போலீஸ்போல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூப்போட்ட நைட்டியில் இடுப்பை ஒடித்து, தாடையைத் தூக்கி, சொல்லிக் கொடுத்தபடியே நின்றேன். கேமராக்காரர் "ரெடி" என்றதும் என் வலது கை தானாக இடது தோளுக்குப் போனது. எங்கள் பக்கம் நைட்டிமேல் ஒரு துண்டைப் போடாமல் எந்தப் பெண்ணும் வாசலுக்கு வர மாட்டாள். இல்லாத அந்தத் துண்டை என் கை இழுத்துவிட்டது.

"கைய எடு!" என்று மாஸ்டர் கத்தினார். எடுத்தேன். மறுபடி "ரெடி" என்றார்கள். மறுபடி போனது.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். கம்பெனி முதலாளிக்கோ முகமெல்லாம் பல். "இருக்கட்டும்யா, நம்ம வீட்டுப் பொம்பளைய மாதிரியே இருக்கு. இதையே எடுங்க" என்றார். அத்தனை மாதம் படித்த ஸ்டைலெல்லாம், தோளில் இல்லாத ஒரு துண்டிடம் தோற்றுப்போனது.

அட்டை வந்தது. நைட்டி இருந்தது, கை இருந்தது. கழுத்துக்குமேல் ஒரு ரோஜாப்பூ இருந்தது. முதலாளிக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "ஒங்கம்மாதாம்மா தலைய வெட்டச் சொன்னாவ" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவிய கண்ணுல பட்டா? மொகம் இல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

அழுதேன். பெற்ற தாயே என் தலையை எடுத்துவிட்டாளே என்று அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது. எதிர்வீட்டு அக்கா பாக்கெட்டை ஆட்டிக்கொண்டே வந்தாள். "ஏட்டி, இது நீதான? தோள்ல கைய வச்சிருக்கதப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. கதவத் தட்டுனா இப்படித்தான வந்து நிப்ப." சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது, மறைப்பானேன்.

அடுத்த டிசைனுக்கு முதலாளி கூப்பிட்டபோது, "தலையோட போட்டா வாரேன்" என்றேன். "அம்மா ஒத்துக்கிடணுமே" என்று இழுத்தார்.

அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "அதான் தெருவுக்கே தெரிஞ்சு போச்சே, பொறவு தலைய எதுக்குய்யா வெட்டுதீய? மொகத்தோடயே போடுங்க." போனை என்னிடம் நீட்டிவிட்டு, செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள். "இந்தத் தடவயாவது கொஞ்சம் சிரிச்சுத் தொல."

"சிரிக்கக் கூடாதும்மா. மாஸ்டர் திட்டுவாரு."

"அப்படின்னா மொறச்சுக்கிட்டே நில்லு" என்று தோள் துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "கேசரி தின்னுட்டுப் போனவிய நல்லாப் பாக்கட்டும்."