ஒன்பதாவது ஃபிரேமில் மூக்கு இருந்தது

மூக்கறுப்புப் போரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தில் நான்காவது அத்தியாயத்துக்குப் படம் மட்டும் பாக்கி. பதினேழாம் நூற்றாண்டில் மைசூர்ப் படை மதுரையை நோக்கி வந்ததும், வழியில் அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டைகளில் அனுப்பியதும், ராமநாதபுரத்துப் படையின் உதவியோடு அது விரட்டப்பட்டதும் அக்காலப் பாதிரிமார்களின் கடிதங்களை வைத்துச் சொல்லப்படுபவை. அதற்கு மேல் ஊர் ஊராகப் பேசப்படுவதில் எது நடந்தது, எது பின்னால் ஒட்டிக்கொண்டது என்று பிரிப்பது புத்தகத்தின் வேலை. நான்காவது அத்தியாயத்தில் பிரிக்க ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்தேன். அது நானே நேரில் பார்த்த கல்.

வாடிப்பட்டிக்கு மேற்கே ஒரு சோளக்காட்டு வரப்பில் அந்தக் கல் நிற்கிறது. இடுப்பளவு உயரம். கையில் வாளோடு ஒரு வீரன், முகத்தில் மூக்கு இல்லை. இருபது வருடங்களுக்கு முன் நிருபராக இருந்தபோது அதைப் பற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் படத்தோடு வந்தது. காட்டுக்காரரின் குடும்பம் அதுவரை மற்றவர் நிலத்தில் கூலிக்கு நின்ற குடும்பம். அந்தக் காடு அவர் முதன்முதலாகத் தன் பெயரில் வாங்கியது. செய்தி வந்த பிறகு ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். அதற்கு முன் அவர் வீட்டு ஆட்கள் அந்தக் கூட்டத்தில் நின்றுதான் பேசியிருக்கிறார்கள்.

படம் எடுத்தவர் என்னுடன் பதினெட்டு வருடம் வேலை பார்த்த புகைப்படக்காரர். சென்ற மாதம் கோரிப்பாளையத்தில் இருந்த தன் ஸ்டுடியோவை மூடியபோது, பழைய நெகட்டிவ்களை இரண்டு அட்டைப்பெட்டிகளில் போட்டு என் வீட்டுக்கு அனுப்பினார். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நாளின் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன்.

ஒன்பதாவது ஃபிரேமில் வீரனுக்கு மூக்கு இருந்தது. கொஞ்சம் சப்பையான, முழு மூக்கு. பதினான்காவதில் இல்லை. இடையிலிருந்த நான்கும் சோளத்தட்டையும் வானமும்.

அன்று நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். கல்லைச் சுற்றி முள் மண்டிக் கிடந்தது. வெட்டி எடுக்க நேரமாகும் என்று புகைப்படக்கார நண்பரை அங்கே விட்டுவிட்டு நான் காட்டுக்காரருடன் அவர் வீட்டுக்கு மோர் குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது நண்பர் தூரத்திலிருந்தே கத்தினார்: "மாப்ள, மூக்கப் பாத்தியா!" காட்டுக்காரர் கல்லைப் பார்த்தபடியே நின்றார். என் குறிப்பேட்டில் 'பக்தியோடு நிற்கிறார்' என்று இருக்கிறது.

ஸ்டுடியோவை மூடிய பிறகு நண்பர் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறார். அங்கே போய் இரண்டு ஃபிரேம்களின் பிரிண்டுகளையும் அவர் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா வெளியே வந்து தமிழில் கேட்டார்: "இன்னுமா அந்தக் கல்லு?"

அந்த வீட்டில் நூறு தடவையாவது சாப்பிட்டிருப்பேன்.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் நண்பர்.

"எப்படித் தெரியும்?"

"போறப்ப ஜீப்புல என்ன சொன்ன? மூக்கில்லாத சிலை ஒண்ணு கெடச்சா மொதப் பக்கம்னு சொன்னியா இல்லியா? ஜாக்கி கம்பியால ஒரு தட்டு. அம்புட்டுத்தான்."

"அது வீரக்கல்லுய்யா."

"தண்ணிப் பஞ்சம்னு படம் எடுக்க நாம பச்சக் கொடத்த ஜீப்புலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சோமே. அப்ப எல்லாம் நல்லாச் சிரிச்ச. இப்பக் கோவமா வருதோ?"

அந்தக் குடம் உண்மை. கோடையில் எந்த ஊருக்குப் போனாலும் வறண்ட கண்மாயில் யாராவது ஒரு பெண் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். நாங்கள் அதை ஏமாற்று என்று சொன்னதில்லை. 'செட் பண்ணுவது' என்போம். ஆனால் குடத்தைத் திரும்ப எடுத்து வைத்துவிடலாம். காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை.

காட்டுக்காரரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன். கல்லுக்கு மேல் இப்போது தகரக் கூரை. மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட வீரன் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அது அன்று செய்திக்கு நான் வைத்த தலைப்பு, வார்த்தை மாறவில்லை. புத்தகத்தைப் பற்றிச் சொல்லிப் படங்களைக் கொடுத்தேன். அவர் ஒன்பதாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். "அன்னிக்கு மோர் குடிச்சிட்டு வந்தோம்ல, அப்பவே பாத்தேன். கீழ மூக்குத் துண்டு கெடந்துச்சு."

"ஏன்ணே சொல்லல?"

"ஜீப்புல வந்தவுகள என்னன்னு கேக்க? மறுவாரம் பேப்பர்ல வேற வந்திருச்சு. பெறகு நாற்காலி போட்டாக." சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். "மோர் குடிக்கையில எங்க அய்யா சொன்ன கதைய ஒங்ககிட்டச் சொன்னேன். மாடு மீட்கப் போயிச் செத்தவருன்னு. பாதி சொல்றதுக்குள்ள பேனாவ மூடிட்டீக."

குறிப்பேடு பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'மாடு மீட்கப் போன' என்று இருந்தது. அடுத்து ஒரு கோடு, அடுத்து மோர் என்ற சொல்.

"இப்பச் சொல்லுங்கண்ணே. முழுசா எழுதிக்கிறேன்."

"வேணாம் சார். எம் பிள்ளைகளுக்கு மூக்குக் கதைதான் தெரியும். அது பொய்யின்னு நீங்க புத்தகத்துல எழுதப் போறீக, அதத் தடுக்க முடியாது. மூக்க ஒடச்சது ஆருன்னும் எழுதுவீகளா? இல்ல, காட்டுக்காரன் கதை கட்டிவிட்டான்னு விட்டுருவீகளா?"

எழுதுவேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார், நம்பியதாகத் தெரியவில்லை. முன்பு வந்தபோது ரோடு வரை கூட வந்தவர் இந்தத் தடவை வரப்பிலேயே நின்றுகொண்டார். படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

நான்காவது அத்தியாயத்தில் இரண்டு ஃபிரேம்களும் அருகருகே வருகின்றன. உடைத்தவர் என்னோடு வந்தவர், அப்படி ஒரு கல் வேண்டும் என்று கேட்டவன் நான், காட்டுக்காரர் எந்தக் கதையும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறேன். மாடு யாருடையது, ஓட்டிப்போனவர்கள் யார் என்ற இடத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதை முடிக்க என்னிடம் எதுவும் இல்லை.