முழங்கால் நுழையாத தீமேசை

1. படம்

குன்னூர் ரயில் நிலையத்துக்குக் கீழே இருந்த ஒர்க்ஷாப்பில் நான் தற்காலிக ஆளாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கேட், ஜன்னல் கிரில், தேயிலை பேக்டரிகளிலிருந்து வரும் ரிப்பேர், இவைதான் அங்கே வேலை. முதலாளி நஞ்சப்பன் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். நான் இலங்கையில் ஒரு எஸ்டேட்டிலிருந்து கப்பலேறி வந்தவன். அங்கே ஐந்தாவது வரை படித்துவிட்டு ஸ்டோரில் வேலைக்குப் போனேன். தேயிலை பேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இலையைக் காய வைக்கும் ட்ரையருக்குப் பெரிய அடுப்பு உண்டு. பதினேழு வருஷம் அந்த அடுப்புக்குத் தீப்போட்டேன்.

இந்தியாவுக்கு வந்ததும் மறுவாழ்வு அதிகாரிகள் கீழே சமவெளியில் ஒரு ஊரைக் காட்டி, பெட்டிக்கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றார்கள். நான் கூச்சக்காரன். கடைக்கு வந்தவரிடம் என்ன வேணும் என்று கேட்கவே எனக்கு வாய் வராது. ஆறு மாதத்தில் கடையை மூடினேன். மனைவி லெச்சுமியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, தேயிலை இருக்கிற ஊரில் அடுப்பும் இருக்கும் என்று மலையேறி வந்தேன்.

ஒரு நாள் காலையில் சரோஜாம்மா ஒர்க்ஷாப்புக்கு வந்தார். மேட்டில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர். தேயிலை ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் அங்கேதான் தங்குவார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை முதலாளியிடம் நீட்டினார். வட்டமான மேசை. நடுவில் குழி, குழிக்குள் தீ. சுற்றிலும் ஆட்கள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்ணா, இந்த மாதிரி ஒண்ணு செய்வீங்களா? வர்றவங்க பூரா வெளிய புல்லுல உக்காரோணும்ங்கறாங்க. உக்காந்தா அஞ்சு நிமிசத்துல பல்லு கிடுகிடுங்குது, உள்ள ஓடியாந்தர்றாங்க. நான் எதுக்கு அத்தன புல்ல வளத்து வெச்சிருக்கறேன், மாடு மேய்க்கவா?”

முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கேஸ்ல எரியுதாட்ட இருக்குதுங் அம்மிணி. நம்மூருல அதுக்கு எங்க போறது?”

“கரியில எரிக்கலாமுங்க” என்றேன் பின்னாலிருந்து.

கேட்காமல் நானாக அங்கே பேசிய முதல் பேச்சு அதுதான். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த ரம்பத்தைப் பார்த்துக்கொண்டேன்.

சரோஜாம்மா போன பிறகு முதலாளி கூப்பிட்டார். “ஏம்ப்பா, வாய் இருக்குதா உனக்கு? சரி. இத நல்லபடியாச் செஞ்சு குடுத்தீன்னா நீ நம்ம ஆளு. பின்னாடி ரூமு சும்மாத்தான கெடக்குது, குடும்பத்தக் கூட்டியாந்துக்க. சொதப்பிப்போட்டீன்னா, கோயமுத்தூர்ல இருந்து ஒரு பிட்டர் வர்றேன்னு சொல்லிட்டிருக்கறான். அப்பறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அன்றைக்கே பின்பக்கம் போய் அந்த ரூமை எட்டிப் பார்த்தேன். பழைய கதவுகளும் துரு ஏறிய ஷீட்டும் அடைந்து கிடந்தன. அடுப்பு எந்த மூலையில் வைக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

2. போறணை

தீ எனக்குத் தெரியும். கட்டைத் தீ புகையும், சட்டையில் பொறி விழும். சீகை மரக் கரி புகையாது, நின்று எரியும். காற்று கீழேயிருந்து வர வேண்டும், சாம்பல் கீழே விழ வேண்டும். மேசைக்கு மேலே போடுகிற கடப்பைக் கல்லை நேராகச் சூட்டில் வைத்தால் வெடிக்கும். அதனால் அதை நான்கு துண்டாக வெட்டி, துண்டுக்குத் துண்டு விரல் இடைவெளி விட்டேன். கல்லுக்கும் தீக்கும் நடுவில் இரும்பு வளையம் வைத்தேன்.

அடிப்பகுதிக்கு எங்கள் எஸ்டேட்டில் ரொட்டி சுடும் போறணை ஞாபகத்துக்கு வந்தது. செங்கல்லால் கனமாகக் கட்டிய அடுப்பு அது. ஒரு தடவை சூடேறினால் அரை நாள் சூடு நிற்கும். அதே மாதிரி மேசையின் விளிம்பு வரைக்கும் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்பினேன். சுவரின் உள்பக்கம், ஒரு பேக்டரியில் கழித்துப்போட்ட, சூடு தாங்கும் பயர் பிரிக். கீழே காற்றுக்கு ஒரு ஓட்டை, அதை மூடித் திறக்க டேம்பர் என்கிற தகடு.

சரோஜாம்மா ஊரில் இல்லை. பத்து நாள் அவர் புல்வெளியில் தனியாக நின்று கட்டி முடித்தேன். கரி போட்டுப் பற்றவைத்தேன். புகை இல்லை. டேம்பரை மூடினால் தீ அடங்கியது, திறந்தால் எழுந்தது. கல் வெடிக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்துப் பார்த்தேன். இதமான சூடு. எழுந்து நின்று கையைக் காட்டினேன். அதுவும் சரி. இனி லெச்சுமிக்குக் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன்.

3. நாற்காலி

சரோஜாம்மா வந்ததும் முதலாளியும் வந்தார். ஏலத்துக்கு ஆட்கள் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த அம்மா தீயைப் பார்த்துக் கைதட்டினார். “அட, அடுப்பாட்ட இல்ல, சாமியாட்ட இருக்குதுங்ணா!” என்று சொல்லி, நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார்.

முழங்கால் சுவரில் இடித்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இப்போது கை மேசைக்கு எட்டவில்லை. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். பிறகு எழுந்து இடுப்பில் கை வைத்தார்.

“ஏனுங்ணா, வர்றவங்க முழங்காலக் கழட்டி ரூமுல வெச்சுட்டு வரோணுமா?”

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. “என்றா இது? மேசைன்னா காலு எங்க போகும்னு தெரியாதா? நீ மேசைல உக்காந்து ஒரு நாளாச்சும் சாப்ட்டதில்லையா?”

நான் குனிந்து டேம்பரை மூடினேன். அவர் மறுபடி கேட்டார்.

“இல்லைங்க மொதலாளி” என்றேன்.

உண்மை அதுதான். எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். குளிருக்கு அடுப்பைச் சுற்றிக் குந்தி இருப்போம். எனக்குத் தெரிந்த மேசைகள் எல்லாம் பேர் எழுதுகிற மேசைகள். எஸ்டேட்டில் காலையில் பேர் கொடுக்கிற மேசை, பிரஜாவுரிமைத் தாளுக்கு நின்ற மேசை, கப்பலிலிருந்து இறங்கியதும் மண்டபம் கேம்பில் பேர் கூப்பிட்ட மேசை. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றிருக்கிறேன். மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சம்.

முதலாளி என்னைப் பார்க்காமல் தீயைப் பார்த்தார். பின்பக்க ரூம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

சரோஜாம்மா உள்ளே குரல் கொடுத்து மேசை ஒன்றைத் தூக்கிவரச் சொன்னார். சாப்பாட்டு மேசை. புல்லில் போட்டு எனக்கு ஒரு நாற்காலியை இழுத்தார். “உக்காருங்க.”

“பரவாயில்லீங்கம்மா.”

“என்ன பரவாயில்ல? உக்காராம எப்படி அளவு எடுப்பீங்க? தீய இத்தன அழகா அடக்கி வெச்சிருக்கறீங்க, காலுக்கு வழி பண்ண மாட்டீங்களா?”

முதலாளி நிற்கும்போது நான் எப்படி உட்கார்வது? அவரைப் பார்த்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்து எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, “உக்காரு, சாமி. என் தொப்பைக்கு அளவு எடுத்தீன்னா ஊரே உக்காரலாம்” என்றார்.

உட்கார்ந்தேன். டீ வந்தது. குடிக்காமல் மேசைக்கு அடியில் குனிந்து, சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டேன். தரையிலிருந்து முழங்கால் வரை ஒரு முடிச்சு. தொடைக்கு மேல் நான்கு விரல் விட்டு ஒன்று. காலை நீட்டினால் கட்டைவிரல் போய் நிற்கிற இடத்துக்கு ஒன்று.

4. இரண்டு தகடு

மறுநாள் என் கையாலேயே சுவரை உடைத்தேன். நடுவில் மட்டும் நான்கு ஆங்கிள் இரும்புக் கால்களைக் கான்கிரீட்டில் ஊன்றி, கரி எரிய ஒரு இரும்புச் சட்டியை அவற்றில் தொங்கவிட்டேன். கல் துண்டுகளைத் தாங்க வெளிப்பக்கம் பிராக்கெட் நீட்டினேன். கால் நுழைந்தது. ஆனால் பற்றவைத்ததும் சட்டியின் சூடு நேராக முழங்காலைச் சுட்டது. இந்த முறை அது எனக்கு உடனே தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துதான் சோதித்தேன்.

ட்ரையர் அடுப்பில் சூடு வெளியே தாக்காமல் இருக்க ஒரு தகட்டுக்கு வெளியே இடைவெளி விட்டு இன்னொரு தகடு அடித்திருப்பார்கள். அதையே செய்தேன். சட்டியைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளியில் இன்னொரு ஷீட். நடுவில் காற்று. வெளித்தகட்டைத் தொட்டால் சுடவில்லை. முழங்காலுக்கு மட்டும் இதமாக இருந்தது. சுவர் கட்டி நான் பிடித்துவைக்கப் பார்த்த சூடு இப்போது காலுக்கே போனது.

ஆறாம் நாள் ஏலத்துக்கு வந்தவர்கள் மாலையில் சுற்றி உட்கார்ந்தார்கள். பனிமூட்டம் வந்து எதிர் மேடு மறைந்தது. ஒருவரும் எழவில்லை. நானும் முதலாளியும் சமையலறை வாசலில் நின்று பார்த்தோம். சரோஜாம்மா தலையில் அடித்துக்கொண்டு வந்தார். “சோத்துக்குக் கூப்ட்டா ஒருத்தரும் அசைய மாட்டேங்கறாங்க. இனி உள்ள இருக்கற மேசைக்கும் தீ வெக்கச் சொல்லுவாங்களாட்ட!”

இறங்கும் வழியில் முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

அதன் பிறகு குன்னூரிலும் ஊட்டியிலும் ஏழு தீமேசை செய்தேன். ஒர்க்ஷாப்பில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவரை அதில் உட்காரச் சொல்லிக் கயிறு பிடிப்பேன். செய்து முடித்ததும் அவருக்கு முன்னால் நான் உட்கார்ந்து பார்ப்பேன். இப்போது வெல்டிங் கற்க வருகிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாததைக் கேள், செய்ததில் நீ முதலில் உட்கார். நான் கேட்காததற்கு அறுநூறு செங்கலை உடைத்தேன்.

லெச்சுமியும் பிள்ளைகளும் வந்த வாரம் சரோஜாம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். மாலை வெயில் இறங்கியிருந்தது. தீ போட்டிருந்தார். பிள்ளைகள் ஓடிப்போய் நாற்காலியில் ஏறிக்கொண்டார்கள். லெச்சுமி மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேசைக்கு இரண்டடி தள்ளி, கைகட்டி நின்றாள். அந்த நிலை எனக்குத் தெரியும்.

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காரு புள்ள” என்றேன். “இது பேர் எழுதுற மேச இல்ல.”