படி இல்லாத வீடு

கிளிநொச்சிப் பக்கம் வீடு மாறி வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முதல் வாசற்படியை எண்ண வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தெரியாததால் சொல்லாமல் விடவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் மலைநாட்டுக்காரர்கள். பதுளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, நாற்பத்தேழு வயது வரை அங்கேயே இருந்தேன். லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு ஒரு பெரிய மழையில் வெடித்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இனி இங்கே இருக்கக்கூடாது என்றார்கள். எங்கே இருப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். பாடசாலை மண்டபத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் மாறி மாறி இருந்து அலுத்துப்போனோம். கண்டாவளைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் காவல் வேலை இருக்கிறது, வாடகையும் குறைவு என்று என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். என்னிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. எந்த ஊரிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத்தானே வேண்டும், சட்டை தைத்துப் பிழைக்கலாம் என்று நினைத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

லொறிக்காரர் போகவும் வரவும் இரண்டு வழிக்கும் கூலி கேட்டார். திரும்பி வரும்போது லொறி வெறுமையாக வருமாம். அந்த வெறுமைக்கும் நாங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். கொடுத்தோம். எங்கள் சாமானை இறக்கிவிட்டு அவர் நேரே பளைக்குப் போய்த் தேங்காய் ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பினார் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் மிச்சக் காசு குறைந்தாலும் கையை மூடிக்கொண்டு வந்துவிடுவேன்.

வீடு பார்க்க நாங்கள் வந்தது ஆடி மாதம். மண் வெடித்துக் கிடந்தது. சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. குளம் என்று காட்டிய இடத்தில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று வீடுகள் பார்த்தோம். முதல் வீட்டுக்கு ஐந்து படி. இரண்டாவதுக்கு நாலு. என் கணவருக்கு மலை ஏறி ஏறி முழங்கால் தேய்ந்துபோயிருந்தது.

“என்னா ஊருடி இது? தரை தட்டு மாதிரி கெடக்கு. வீட்டை மட்டும் கோயில் மாதிரி படி வச்சிக் கட்டியிருக்கானுங்க” என்றார்.

மூன்றாவது வீட்டுக்குப் படி இல்லை. வாசலிலிருந்து நேராக உள்ளே போகலாம். வாடகையும் குறைவு. நான் வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். மலையில் வீடு பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வது அதுதான். வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, மேலே என்ன இருக்கிறது, மழை பெய்தால் எது வந்து தலையில் விழும் என்று அண்ணாந்து பார்ப்போம். அங்கே மேலே ஒன்றுமே இல்லை. நாலு பக்கமும் வானம்தான். ஒரு மேடு இல்லை, ஒரு பாறை இல்லை. எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. கீழே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூமியில் அந்த வீடு எவ்வளவு தாழ்வாக இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்காரர் கிளிநொச்சி நகரத்தில் இருக்கிறார். நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. உள்ளே சுவருக்கு இடுப்பளவு உயரத்துக்குக் கடும் பச்சை பெயின்ட் அடித்திருந்தார். மேலே வெள்ளை.

“ஊத்தை பிடிக்காது தங்கச்சி, அதுதான் கீழ டார்க்கா அடிச்சனான். நல்ல காத்தோட்டம். உங்கட மலைநாட்டுக் குளிர் இஞ்ச இல்லை. ஒரு கரைச்சலும் இல்லாமல் இருக்கலாம்.”

நான் தலையை ஆட்டினேன். ஒரு வருச வாடகையை முற்பணமாகக் கொடுத்தோம்.

வந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தெரிந்தது, குறைந்த வாடகை என்று ஒன்று உலகத்தில் இல்லை. மலையில் பீலியில் வழிகிற ஊற்றுத் தண்ணீருக்குக் காசு கொடுத்ததில்லை. இங்கே கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்திலுக்குள்ளே ஒரு மாதத்தில் வெள்ளையாகப் படை கட்டியது. குடிக்க வேறு தண்ணீர் கானில் வாங்க வேண்டும். மின்விசிறி வாங்க வேண்டும், அது இரவும் பகலும் சுற்ற வேண்டும், மின்சாரப் பட்டியல் இரண்டு மடங்கு. நுளம்பு வலை. பாம்புக்குப் பயந்து வாசலுக்கு ஒரு விளக்கு. நான் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்த நாலு கம்பளியையும் ஏழு சுவெற்றரையும் ஒருவரும் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். அவற்றுக்கும் சேர்த்துத்தான் லொறிக்கு இரண்டு வழிக் கூலி.

எதிர் வீட்டில் ஒரு பெண் சின்னக் கடை வைத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவு, என்னைவிடப் பத்து மடங்கு பேசுவாள். அவள்தான் எனக்குத் தையல் வேலை பிடித்துத் தந்தாள். அதை நான் மறுக்கவில்லை. வருடக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி கொடுப்பார்கள். அந்த முறை கார்த்திகையிலேயே கொடுத்துவிட்டார்கள். கடைக்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நாற்பத்துநாலு பிள்ளைகளின் வெள்ளைத் துணி என் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொன்றையும் மடித்து, பேரும் அளவும் எழுதின துண்டை ஊசியால் குத்தி அடுக்கினேன். அலுமாரி இல்லை. மேசையில் கொள்ளாததைக் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டியில் வைத்தேன். அந்தத் துணிதான் எனக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் நம்பிக்கை. அதைச் சரியாகத் தைத்துக் கொடுத்தால் இந்த ஊரில் இருக்கலாம். கொடுக்காவிட்டால் திரும்பிப் போக எங்களுக்கு லயமும் இல்லை.

மார்கழியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலையில் மழை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு படுப்போம். கல் உருளும் சத்தம் வருகிறதா, மரம் முறியும் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி. இங்கே மேலே ஒன்றும் இல்லையே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு கழுத்துப் பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் மிதியில் கால் குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். தண்ணீர். பின்கதவுக்குக் கீழால் ஒரு சத்தமும் இல்லாமல் வந்திருந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டுதான் வரும். இது பூனை மாதிரி வந்து காலடியில் நின்றது.

கடைக்காரி தன் வீட்டு மேல் படியில் நின்று கத்தினாள்.

“அக்கா! குளம் நிரம்பி வான் பாயுது! உடுப்பைத் தூக்குங்கோ, துணியைத் தூக்குங்கோ!”

அவளே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். மேசையில் இருந்த துணிகளைப் பாயில் சுற்றித் தலையில் வைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனோம். மெஷின் தலையைக் கழற்றி என் கணவர் தோளில் வைத்தார். தேய்ந்த முழங்காலோடு அந்தத் தண்ணீருக்குள்ளால் நடந்தார். எல்லாவற்றையும் வைத்துவிட்டு எண்ணினேன். முப்பத்துமூன்று. கட்டிலுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. நாங்கள் திரும்பிப் போனபோது கட்டில் பலகை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

கடைக்காரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். தந்துகொண்டே சொன்னாள்: “வருசா வருசம் தண்ணி ஏறுற வீடக்கா அது. அதுக்குத்தான் அவர் பச்சை அடிச்சு வச்சிருக்கிறார். வாடகைக்கு வந்த மற்ற ஆக்கள் கார்த்திகையோட விட்டிட்டுப் போயிடுவினம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஊருக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்கள் கேக்கேல்லையே அக்கா. வீடு தந்தவரைப் பற்றி நாங்கள் ஏன் கதைப்பான்? பிறகு உங்களைக் கலைச்சது நாங்களெண்டு வரும்.”

என் துணியைத் தலையில் சுமந்தவள் அவள். அவள் தந்த கோப்பையை நான் தரையில் வைத்துவிட்டேன். அன்றைக்கு அதை என்னால் குடிக்க முடியவில்லை.

தண்ணீர் ஐந்து நாள் நின்றது. பெட்டிக்குள் இருந்த பதினொரு பிள்ளைகளின் துணியைச் சவர்க்காரம் போட்டேன், அவித்தேன், நீலம் போட்டேன். பெட்டியின் துருவும் குளத்துச் சேறும் சேர்ந்து தேத்தண்ணிக் கறை மாதிரிப் பிடித்துவிட்டது. தாய்மார் வந்தார்கள். ஒருத்தி துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி, “மலைநாட்டு ஆக்களுக்கு இஞ்சத்தை மழை தெரியாதெண்டு தெரிஞ்சும் குடுத்தனே, என்னைச் செருப்பால அடிக்கோணும்” என்று தெருவில் நின்று சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் புதுத் துணி வாங்கித் தைத்துத் தருவேன் என்றேன். எதைக்கொண்டு வாங்குவது என்று எனக்குத் தெரியாது.

தண்ணீர் வடிந்த மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். மோட்டார் சைக்கிளில் முன்னால் ஒரு பச்சை பெயின்ட் வாளி. எங்களைப் பார்க்க வரவில்லை. சுவரைப் பார்க்க வந்திருந்தார். உள்ளே போய்க் கையால் தட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லை. இந்தமுறை ஒரு சாண் கூடத்தான் வந்திருக்கு” என்றார்.

நான் முற்றத்தில் மெஷின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

“போன முறை எவ்வளவு வந்துச்சி அண்ணே?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தார். “மாரியெண்டால் தண்ணி வரத்தானே செய்யும். இது வன்னி, தங்கச்சி.”

“ஆடி மாசம் நான் காசு குடுத்தப்ப இது வன்னி இல்லியா?”

கடைக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். அவருக்கு முகம் கறுத்தது. “உங்கட மலையில மண் விழுந்து ஆக்கள் சாகினம். இஞ்ச முழங்கால் அளவு தண்ணி வந்தாப்போல என்ன?” என்றார்.

அந்த ஒரு சொல் போதும். நாற்பத்தேழு வருசமாக நான் பேசாமல் விட்டதெல்லாம் ஒன்றாக வந்தது. என்ன சொன்னேன் என்று முழுக்க நினைவில்லை. லொறிக்காரரையும் அதிகாரிகளையும் சேர்த்து அவரைத்தான் ஏசினேன் என்று என் கணவர் பிறகு சொன்னார். கத்திக்கொண்டே உள்ளே போய் அளவு நாடாவையும் துணியில் அடையாளம் போடுகிற சோக்கையும் எடுத்து வந்தேன். தெருப் பக்கத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கறைக்கு நாடாவைப் பிடித்தேன். முப்பத்தொரு அங்குலம். சுவரின் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே பெரிதாக எழுதினேன்: மார்கழி, தண்ணீர், முப்பத்தொன்று.

“என்ர சுவரில கீறாதையுங்கோ!”

“நீங்க பெயின்ட் அடிங்க. நான் திரும்பக் கீறுவேன். வாடகைக்கு ஆள் வர்ற அன்னிக்கும் வந்து கீறுவேன். என் காசைக் குடுங்க, போயிடுறேன்.”

ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. அவர் பக்கமும் பேசவில்லை. மிச்ச மாதங்களின் முற்பணத்தை, சுவர் திருத்த என்று ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தரமாகத் தந்தார். அந்தக் காசில் பதினொரு பேருக்கும் துணி வாங்கினேன். தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்கின அன்று நாற்பத்துநாலு பிள்ளைகளும் வெள்ளையாகத்தான் போனார்கள். செருப்பால் அடிக்க வேண்டும் என்றவள் மகளுக்கு இரண்டாவது சட்டையும் கொண்டுவந்து தந்தாள். நான் சிரிக்கவில்லை, அளவு மட்டும் எடுத்தேன்.

இப்போது அதே தெருவில் ஐந்து படி உள்ள வீட்டில் இருக்கிறோம். வாடகை கூட. என் கணவர் ஒவ்வொரு படிக்கும் ஒரு “முருகா” சொல்லி ஏறுகிறார்.

திரும்பவும் ஆடி வந்தது. ஒரு பின்நேரம் அந்த வீட்டு வாசலில் லொறி நின்றது. புதிதாக அடித்த பச்சை, அதன்மேல் புது வெள்ளை. வீட்டுக்காரர் பூட்டுத் திறப்பைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டு நின்றார். ஒரு புருசனும் பெண்சாதியும். அந்தப் பெண் கழுத்தை நீட்டி வீட்டுக்குப் பின்னால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சைக் கேட்க முதலே எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரி தன் கடைக்குள் நின்று வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

நான் படி இறங்கிப் போனேன்.

“மேல பாக்காதம்மா, கீழ பாரு. மார்கழியில இந்த வீட்டுக்குள்ள தண்ணி ஏறும். இந்தளவு” என்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

“அவவுக்குக் கொஞ்சம் விசர். காசு விசயத்தில என்னோட கோவம்” என்றார் வீட்டுக்காரர்.

அந்தப் பெண் அவரையும் என்னையும் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து கேட்டாள்: “அப்ப வாடகையக் கொஞ்சம் கொறைப்பாங்களா அக்கா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். ஆனால் லொறி பாதி இறக்கியிருந்தது. சாமான்களுக்கு மேலே மடித்துக் கட்டிய கம்பளிகள் தெரிந்தன. நான் லொறிக்காரரிடம் போனேன்.

“இவங்ககிட்ட ரெண்டு வழிக்கும் காசு வாங்கியாச்சில்ல?”

“ஓ, அதுக்கென்ன?”

“அப்ப வெறுமையா போற வழியில கொஞ்சம் ஏத்திக்கிட்டுப் போங்க. அடுத்த ஒழுங்கையில ஒரு வீடு காலியா இருக்கு. நாலு படி.”

வீட்டுக்காரர் சத்தம் போடத் தொடங்கினார். நானும் போட்டேன். கடைக்காரி தராசை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, “ஓம், தண்ணி ஏறும்தான்” என்றாள். ஒரு வருசம் பிந்திச் சொன்னாள். அந்தப் பெண் இறக்கி வைத்த தகரப் பெட்டியைத் திரும்பத் தூக்கி லொறிக்குள் வைத்தாள்.